கிடைத்தது முதல் பக்கத்தில், போனது உள்பக்கத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்க் கடலில் எண்ணெய் தேட வெளிநாட்டுக் கம்பனிகளைத் திரும்பவும் அழைக்க வேண்டும் என்று தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். "கறுப்புத் தங்கம்" என்ற சொல் அதில் நாலு இடத்தில் வருகிறது. மன்னார்க் கடலில் அண்மைக் காலத்தில் கிடைத்தது பெரும்பாலும் எரிவாயு. அதற்கு நிறமே கிடையாது. இதை மட்டும் ஒரு தபாலட்டையில் எழுதிப் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விஞ்ஞானி இல்லை. மன்னார்த் தீவின் பேசாலையில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவன். எண்ணெய் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் லீற்றர் கணக்கு. பரலில் கைப்பம்பைச் செருகி, புனலில் பழைய சாரத்துண்டை விரித்து, வடிகட்டி ஊற்றி, யாருக்கு எத்தனை லீற்றர் மண்ணெண்ணெய் என்று கொப்பியில் பதிந்தவன். இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தக் கொப்பிகளைத் திறந்தால் மண்ணெண்ணெய் மணக்கும்.

இன்னொரு கொப்பியும் என்னிடம் இருக்கிறது. தடித்த சீ.ஆர். கொப்பி. மன்னார் எண்ணெய் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளை 2007 ஆம் ஆண்டிலிருந்து வெட்டி ஒட்டி வருகிறேன். தங்கள் பத்திரிகைத் துண்டுகளே அதில் பாதி. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் என் கதை 2007இல் தொடங்கவில்லை. எழுபதுகளில், நான் சிறு பெடியனாக இருந்தபோது, எங்கள் ஊரிலேயே எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்காகச் சோவியத்காரர்கள் வந்து தோண்டினார்கள். நிலவியல் புத்தகங்களில் இன்றும் பேசாலை 1, பேசாலை 2 என்று எங்கள் ஊரின் பெயரை இலக்கம் போட்டு எழுதுகிறார்கள். எங்களுக்கு அது "றஷ்யன் கிணறு". பனைகளுக்கு மேலால் அந்தக் கோபுரம் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம். இரும்புக் குழாய் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும், இறங்கும், ஏறும். ஒருநாள் வேலியடியில் நின்ற எங்கள் ஊர்த் தொழிலாளி ஒருவர் உருண்டையான நீளக் கல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். துளைக்கும்போது பாறையை அப்படியே அறுத்து மேலே எடுப்பார்களாம். சரியாகக் குழல் புட்டு மாதிரி. சாம்பல் நிறம், மூக்கில் வைத்தால் ஈர மண் மணம். "இதுக்குள்ளதான் எண்ணெய் இருக்கும், ஆனா இதுக்குள்ள இல்ல" என்றார். எண்ணெய் என்றால் நிலத்தடியில் குளம் மாதிரிக் கிடக்கும் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். கல்லின் நுண்துளைக்குள் ஊறிக் கிடப்பது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விற்கிற அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சீமெந்து ஊற்றிக் கிணற்றை அடைத்துவிட்டுப் போனார்கள். ஊரில் கதை வேறு மாதிரி ஓடியது. எண்ணெய் பொங்கி வந்ததாம், கொழும்பில் பெரியவர்கள் மூடச் சொன்னார்களாம், அமெரிக்கா விடவில்லையாம், தமிழர் நிலத்தில் எண்ணெய் கிடைத்தால் என்ன ஆகும் என்று பயந்தார்களாம். ஐம்பது வருடமாக இந்தக் கதை பேசாலையில் உயிரோடு இருக்கிறது. என் தகப்பனாரும் சாகும்வரை நம்பினார். "ஒண்டுமில்லாட்டி ஏன்டா சீமெந்து போட்டு மூடுறான்?" என்று கேட்பார்.

ஒன்றும் இல்லாவிட்டாலும் மூடத்தான் வேண்டும். ஆழத்தில் இருக்கிற உப்புத் தண்ணீரும் வாயுவும் குழாய் வழியே மேலே ஏறி எங்கள் குடிதண்ணீர்க் கிணறுகளைக் கெடுத்துவிடாமல் இருக்க, உலகம் முழுக்க வெறுங்கிணற்றைச் சீமெந்து போட்டுத்தான் அடைக்கிறார்கள். இதை யாராவது ஒருவர், ஒரு பத்திரிகை, அந்தக் காலத்தில் நாலு வரியில் தமிழில் எழுதியிருந்தால் என் தகப்பனார் அந்தக் கோபத்தோடு போயிருக்க மாட்டார்.

1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் கடலில் எல்லை போட்ட காலத்திலும் அதற்குப் பிறகும் அமெரிக்கக் கம்பனிகள் சில வந்து பாக்கு நீரிணைப் பக்கமும் மன்னார்ப் பக்கமும் துளைத்துப் பார்த்துவிட்டுப் போயின. 1981க்குப் பிறகு நாட்டில் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. கடலுக்குப் போகவே பாஸ் எடுக்க வேண்டிய காலத்தில் எண்ணெய் தேட யார் வருவான்.

பிறகு வந்ததுதான் கெயர்ன். கட்டுரையாளர் "பன்னாட்டு எண்ணெய் ராட்சதர்கள்" என்று எழுதியிருக்கிறார். கெயர்ன் ராட்சதன் இல்லை. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பில் கமல் என்பவர் தொடங்கிய சின்னக் கம்பனி. அவர் ஸ்கொட்லாந்துக்காக றகர் விளையாடியவர். பிரித்தானியப் பிரதமராக இருந்த ரொனி பிளேயரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். ராஜஸ்தான் பாலைவனத்தில் தேடும் உரிமையில் ஷெல் கம்பனி வைத்திருந்த பங்கை 2002இல் சுமார் 7 மில்லியன் டொலருக்கு இவர்கள் வாங்கினார்கள். ஷெல் மாதிரியான ஒரு கம்பனிக்கு அது சில்லறைக் காசு. 2004 ஜனவரியில் அதே பாலைவனத்தில், பார்மர் மாவட்டத்தில், மங்களா என்ற பெரிய எண்ணெய் வயல் கிடைத்தது. அந்த எண்ணெய் மெழுகு மாதிரி, ஆறினால் உறைந்துவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளக் குழாயை வழி நெடுகச் சூடாக்கிக் கொண்டுபோனார்கள். 2009இல் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்தார். மன்னாருக்கு வந்தபோது கெயர்ன் அவ்வளவு சின்னது இல்லை, ராஜஸ்தான் அதை வளர்த்துவிட்டிருந்தது. ஆனாலும் ஷெல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் கப்பலுக்குப் பக்கத்தில் தெப்பம்தான்.

இந்தச் சின்னக் கம்பனிகளின் தொழிலை எங்கள் சனத்துக்கு விளக்குவது லேசு, ஏனென்றால் அதே தொழில் எங்களிடம் இருக்கிறது. எண்ணெய் தேடப் பிரித்துக் கொடுக்கிற கடல்துண்டைக் கட்டுரையில் "தொகுதி" என்று எழுதியிருக்கிறது, அதை நாங்கள் பாடு என்போம். கரைவலைப் பாடு. இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை வலை வளைக்கும் உரிமை இன்னாருக்கு. கம்பனி என்பது சம்மாட்டி. வலை, வள்ளம், ஆட்களுக்கு முற்பணம் எல்லாம் அவர் போட வேண்டும். அதுவும் பாதிக்கு மேல் கடன் வாங்கிய காசு. வலை வளைத்து இழுத்த பிறகுதான் வலையின் மடியில் மீனா பாசியா என்று தெரியும். எங்கள் சம்மாட்டி நகைக்கடையிலும் முதலாளியிடமும் கடன் வாங்குவார், அவர்கள் லண்டன் பங்குச்சந்தையில் பங்கு விற்றுக் காசு திரட்டுகிறார்கள். பத்துத் தரம் வெறும் மடி வந்து, ஒரு தரம் பாரைக் கூட்டம் அகப்பட்டால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். அகப்படாவிட்டால் சம்மாட்டி அடுத்த பாட்டுக்குப் போவார். இதில் வஞ்சகம் எதுவும் இல்லை, தொழிலே அதுதான். ஆனால் சம்மாட்டி வந்து இறங்கியவுடனே ஊருக்கு மீன் வந்துவிட்டது என்று தண்டோரா போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. பத்திரிகைகளிடம் இருக்கிறது.

மன்னார்ப் படுகையை எட்டுத் துண்டாகப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று என்று ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் சிலவற்றை ஏலத்துக்கு விட்டார்கள். 2008இல் கெயர்னின் இந்தியப் பிரிவு ஒரு துண்டை எடுத்தது. யுத்தம் முடிந்ததும் கப்பலை விட்டுக் கடலடியை ஒலி அலையால் ஆய்வு செய்தார்கள். 2011 ஓகஸ்டில் துளைக்கும் கப்பல் வந்தது.

அந்தக் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் சிக்கியு. ஜப்பான் மொழியில் பூமி என்று அர்த்தம். 210 மீற்றர் நீளம். உண்மையில் அது எண்ணெய்க் கப்பலே இல்லை, பூகம்பத்தை ஆராயக் கடலடியைத் துளைப்பதற்கு ஜப்பான் அரசாங்கம் கட்டிய ஆராய்ச்சிக் கப்பல். அதே வருடம் மார்ச் 11இல் ஜப்பானைச் சுனாமி அடித்தபோது அது ஒரு துறைமுகத்தில் நின்றது. சுற்றிப் பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கப்பலின் அடியில் அடிபட்டது. சுனாமியில் அடிபட்ட கப்பல் ஐந்து மாதத்தில் எங்கள் கடலுக்கு வந்து நின்றது என்பதை ஏனோ எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் கொப்பியில் இருந்திருக்கும்.

பேசாலையில் நின்று பார்த்தால் அந்தக் கப்பல் தெரியாது. எங்கள் கரை வடக்குப் பார்த்தது. படுகைக்கு மன்னார் என்று பெயர் இருந்தாலும் துளைத்தது தெற்கே ஆழ்கடலில். கற்பிட்டியில் இருக்கிற என் மருமகன் பலநாள் படகில் போகிறவன். அவன் கண்டிருக்கிறான். ராத்திரியில் தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும் முதலில் ஏதோ ஊர் என்று நினைத்தானாம். "மாமா, மடுத் திருவிழாவைத் தூக்கிக் கடல்ல வச்ச மாதிரி" என்றான். ஓகஸ்ட் மாதம், மடுத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வரமுடியாமல் போன வருடம் அது, அதனால் அப்படித் தோன்றியதோ என்னவோ.

முதல் கிணற்றுக்கு டொராடோ என்று மீனின் பெயர் வைத்தார்கள். அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் 1,354 மீற்றர். பாகக் கணக்கில் (ஒரு பாகம் ஆறடி) 740 பாகம். எங்கள் பக்கக் கடலில் ஏழெட்டுப் பாகத்தில் நங்கூரம் தரை தட்டும். 740 பாகம் தண்ணீருக்குள் குழாயை இறக்கி, அதற்குக் கீழே கடலடியையும் துளைத்துக்கொண்டு போய், 3,043 மீற்றர் தாண்டிய இடத்தில் மணற்பாறைக்குள் 25 மீற்றர் கனத்துக்கு வாயு இருப்பதைக் கண்டார்கள். 25 மீற்றர் என்றால் ஒரு நல்ல பனையின் உயரம். அவ்வளவு தூரம் போய்த் தொட்டது ஒரு பனை உயரத்தை.

2011 ஒக்டோபர். கொப்பியில் அந்த மாதத்துக்கு மட்டும் பதினான்கு துண்டுகள். எல்லாம் முதல் பக்கம். கொட்டை எழுத்து. தேர் இழுக்காத குறை. அடுத்த மாதம் பரகூடா என்ற இரண்டாவது கிணறு. அது சீலா மீனின் ஆங்கிலப் பெயர். அதிலும் வாயு. அதுவும் முதல் பக்கம்.

மூன்றாவது கிணற்றில் ஒன்றுமில்லை, அடைத்தார்கள். அதற்கு என் கொப்பியில் இரண்டு துண்டு, இரண்டும் உள்பக்கம். 2013இல் நாலாவது கிணறு, அதிலும் ஒன்றுமில்லை. ஒரு துண்டு. 2014இல் உலகச் சந்தையில் எண்ணெய் பீப்பாய் 100 டொலருக்கு மேல் இருந்து சரியத் தொடங்கி அடுத்த ஜனவரியில் 50க்குக் கீழே வந்தது. 2015இல் கம்பனி பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. அந்தச் செய்தி எனக்குத் தமிழில் கிடைத்தது ஒரே ஒரு துண்டு, நாலு வரி. விளையாட்டுப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில், ஒரு மரண அறிவித்தலுக்குக் கீழே. தங்கள் பத்திரிகையில்தான். போட்டீர்களே என்று நன்றி சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதையும் போடவில்லை.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. 2011 டிசெம்பரில், வாயு கிடைத்த சூடு ஆறுவதற்குள், கெயர்னின் இந்தியப் பிரிவு வேதாந்தா குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. ஸ்கொட்லாந்துக்காரர் பெரும்பங்கை விற்று நல்ல காசு பார்த்தார்கள். வேதாந்தா யார் என்று எங்களுக்குத் தெரியும், கடலுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடியில் செம்பு ஆலை வைத்திருந்தவர்கள். 2018 மே மாதம் அந்த ஆலையை எதிர்த்துப் போனவர்களைப் பொலிஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். ஆனால் மன்னார்ப் பாட்டின் சம்மாட்டி மாறியதை எங்களில் எத்தனை பேர் அறிந்தோம்? பத்திரிகை படிக்கிற நானே ஆறு மாதம் கழித்துத்தான் அறிந்தேன்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 2022 ஜூலை. நாடு வங்குரோத்து. மண்ணெண்ணெய் இல்லை. எங்கள் கண்ணாடியிழைப் படகுகளின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. படகெல்லாம் மணலில் கவிழ்ந்து கிடந்தன. அந்த வருடம் மார்ச்சில் மன்னாரிலிருந்து குடும்பங்கள் பிள்ளைகளோடு கடல் கடந்து தனுஷ்கோடிக்குப் போய் இறங்கியதைத் தாங்களே படத்தோடு போட்டீர்கள். நான் ஓய்வுபெற்றவன், ஆனாலும் வரிசையில் சண்டை வராமல் பார்க்க ஆள் இல்லை என்று சங்கத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். காலை நாலு மணிக்கு வெறும் கான்களைக் கயிற்றில் கோத்து வரிசை போட்டிருந்தது, ஆட்கள் வேப்பமரத்தடியில். எண்ணெய் கொண்டுவருகிற பவுசர் வருமா வராதா என்று தெரியாது. எனக்குப் பக்கத்தில் பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன், தகப்பனின் படகுக்கு வந்தவன், குந்தியிருந்தான்.

"மாமா, எங்கட கடலுக்க எண்ணெய் கிடக்குதாமே, பிறகேன் நாங்க எண்ணெய்க்கு வரிசையில நிக்கிறம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த வேறொருவர் பதில் சொன்னார்: "கண்டுபிடிச்சவன் மூடிப்போட்டுப் போய்ட்டான் தம்பி. வேண்டுமெண்டே மூடினவங்கள்." என் தகப்பனாரின் அதே கதை. கிணறு மாறியிருக்கிறது, கம்பனி மாறியிருக்கிறது, கதை அப்படியே இருக்கிறது.

அந்தப் பெடியனுக்கு அன்றைக்கு நான் விளக்கினேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் கட்டுரையில் அது இல்லை. கிடைத்தது பெரும்பாலும் வாயு, அதை ஊற்றி உன் எஞ்சின் ஓடாது. வாயுவைக் கரைக்குக் கொண்டுவர 740 பாகத்திலிருந்து குழாய் போட வேண்டும், கரையில் அதைச் சுத்தம் பண்ண ஆலை வேண்டும், அதை எரித்து மின்சாரம் எடுக்க வாயு மின்நிலையம் வேண்டும். இந்த நாட்டில் அப்படி ஒன்றும் தயாராக இருக்கவில்லை. வாயு கிடைத்த அதே 2011இல்தான் கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலையில், நிலக்கரி மின்நிலையத்தை ஓட விட்டார்கள். கடலுக்குள் வாயு, கரையில் கப்பல் கப்பலாக இறக்குமதி நிலக்கரி. எண்ணெய் கிடைத்தால் பீப்பாயில் அடைத்து எவனுக்கும் விற்கலாம். வாயுவுக்கு வாங்குகிறவன் முதலில் வேண்டும், விலை முதலில் பேச வேண்டும். பேச்சு முடியும் முன்னே உலகச் சந்தை விழுந்தது. நிலத்துக்குள் இருப்பது எல்லாம் இருப்பு ஆகாது தம்பி, எடுத்து விற்றால் கை கடிக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டக்கூடியதுதான் இருப்பு. கடலில் திரிகிற மீனை எவனாவது வங்கியில் காட்டிக் கடன் எடுப்பானா?

பெடியன் கேட்டுக்கொண்டிருந்தான். விளங்கியதா என்று தெரியாது. ஒன்பதரைக்குப் பவுசர் வந்தது, எல்லாரும் எழும்பி ஓடினார்கள். அடுத்த மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபா ஆனது. முப்பத்தொரு வருடக் கணக்கில் அப்படி ஒரு பாய்ச்சலை நான் எழுதியதில்லை, நல்ல வேளை ஓய்வுபெற்றுவிட்டேன்.

கெயர்ன் எங்களை மட்டும் விட்டுப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கடலில் துளைத்த அதே 2011இலும் அதற்கு முந்திய வருடத்திலும் தாய்க் கம்பனி கிறீன்லாந்துக் கடலில் பனிமலைகளுக்கு நடுவே எட்டுக் கிணறு தோண்டியது. எட்டும் வெறும் மடி. அங்கே போனது நூறு கோடி டொலருக்குக் குறையாது. அங்கேயும் ஊர்ச்சனம் காத்திருந்துதான் இருக்கும்.

சின்னக் கம்பனி என்று இளக்காரமாக நினைக்கவும் கூடாது. முன்தேதியிட்டு வரி போட்ட இந்திய அரசாங்கத்தையே இந்தக் கெயர்ன் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்கு இழுத்து, 2020இல் வென்று, ஒரு பில்லியன் டொலருக்கு மேல் திருப்பி வாங்கியது. எடின்பரோவில் நல்ல அப்புக்காத்துமார் இருக்கிறார்கள் போலும். நாங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும்போது எங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

கட்டுரையில் இல்லாத இன்னொரு விசயம்தான் எனக்கு அதிகம் பயம். 2010 ஏப்ரலில் மெக்சிக்கோ வளைகுடாவில் பிபி கம்பனியின் கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள், 87 நாள் எண்ணெய் கடலுக்குள் ஓடியது. அங்கே தண்ணீர் ஆழம் சுமார் 1,500 மீற்றர். எங்கள் கிணறுகளும் ஏறக்குறைய அதே ஆழம்தான். பிபி உலகத்திலேயே பெரிய கம்பனிகளில் ஒன்று, அதனால் பல ஆயிரம் கோடி டொலர் நட்டஈடு கட்டிவிட்டு இன்னும் நிற்கிறது. ஒரு சின்னக் கம்பனியின் கிணறு அப்படி வெடித்தால் யார் கட்டுவது? பங்களாதேஷைப் பாருங்கள். கனடாவின் கல்கரியிலிருந்து வந்த நிக்கோ என்ற கம்பனி தெங்கிராட்டிலா என்ற இடத்தில் வாயுவுக்குத் துளைத்தபோது 2005 ஜனவரியில் ஒரு தரமும் ஜூனில் ஒரு தரமும் கிணறு வெடித்து எரிந்தது. அந்த நேரத்தில் அந்தக் கம்பனி பங்களாதேஷின் எரிசக்தி இராஜாங்க அமைச்சருக்கு ஒரு லாண்ட் குரூசர் வாகனம் கொடுத்திருந்தது. அமைச்சர் பதவி விலகினார். 2011இல் கல்கரி நீதிமன்றத்தில் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 9.5 மில்லியன் கனேடிய டொலர் தண்டம் கட்டியது. தண்டம் போனது கனடாவுக்கு. கிணறு எரிந்த ஊர்ச்சனத்துக்கு அந்தக் காசில் ஒரு சதம் கிடையாது.

எங்கள் கடலில் எரிவாயு தேடுவதை நான் எதிர்க்கவில்லை. மன்னார்த் தீவில் இல்மனைற் என்ற கனிம மணலுக்குத் துளை போட்டுப் பார்த்ததும் ஒரு சின்ன அவுஸ்திரேலியக் கம்பனிதான், அதை எதிர்த்த ஊர்வலத்தில் நானும் நடந்தேன். அது நாங்கள் நிற்கிற மண், அதை அள்ளினால் தீவு மிஞ்சாது. ஆழ்கடல் வாயு வேறு கதை. ஒழுங்காக எடுத்தால் நாட்டுக்கு நல்லது, எனக்கு அதில் வீம்பு இல்லை. கெயர்ன் போனாலும் அவர்கள் தோண்டிய நாலு கிணற்றால் வந்த அறிவு மிச்சம் இருக்கிறது. இனி வருகிறவன் வெறுங்கையோடு தொடங்கத் தேவையில்லை. அதற்கு அவர்கள் செலவழித்தது தங்கள் காசு. அந்தக் கணக்கில் நாங்கள் கடன்காரர் இல்லை என்பதையும் பெடியனிடம் சொன்னேன்.

நான் கேட்பது தகவல். பல வருடங்களுக்கு முன் ஒருநாள் ஓர் அலுவலகத்தின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கடலில் ஆய்வு நடக்கிறது, இன்ன இடத்துக்குள் படகுகள் போகக்கூடாது என்ற அறிவித்தல். முழுக்க ஆங்கிலம். அகலாங்கு நெட்டாங்கு இலக்கங்கள் மட்டும் எட்டு வரி. அதன் முன்னால் மூன்று சம்மாட்டிமார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "மாஸ்ரர், இதில எங்கட பாடு வருதோ?" என்று கேட்டார். கணக்கு எழுதுகிறவனை மாஸ்ரர் என்று கூப்பிடுவது இங்கே வழக்கம், நான் ஒருநாளும் படிப்பித்தவன் இல்லை. வீட்டிலிருந்து என் மகனின் புவியியல் அட்லஸைக் கொண்டுவந்து, அடிமட்டம் வைத்துப் பார்த்து, வராது என்று சொன்னேன். பள்ளிக்கூட அட்லஸில் மன்னார் வளைகுடா என் பெருவிரல் நகத்தளவு. நான் சொன்னது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயம் இல்லை. உள்ளே இருந்த உத்தியோகத்தரிடம் தமிழில் ஒரு பிரதி கேட்டேன். மேலிடத்திலிருந்து வரவில்லை என்றார். அவர் கையில் என்ன இருக்கிறது.

ஆகவே ஐயா, அடுத்த தரம் ஒரு கம்பனி வந்தால், அது எந்த ஊர்க் கம்பனி, யாருடைய காசு, இதற்கு முன் எங்கே துளைத்தது, எங்கே விட்டுப்போனது, கடல் கெட்டால் கட்ட அதனிடம் என்ன இருக்கிறது என்று தங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும். வாயு என்றால் வாயு என்றே எழுதுங்கள். "கண்டுபிடிப்பு" என்று முதல் பக்கத்தில் போட்டால், மூன்றாவது கிணறு வெறுங்கிணறு என்பதற்கும் அதே பக்கத்தில் ஒரு மூலை கொடுங்கள். போகிறவன் ஏன் போகிறான் என்று நாலு வரிக்குப் பதிலாக நாற்பது வரி எழுதுங்கள். எழுதாத அந்த முப்பத்தாறு வரியைத்தான் எங்கள் ஊர் வேப்பமரத்தடியில் சனம் தங்கள் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்கிறது.

கட்டுரையாளர் மன்னாருக்கு வந்து எழுதியதாகத் தெரியவில்லை. வருவதாக இருந்தால் தலைமன்னார் ரயிலில் ஏறிப் பேசாலை நிலையத்தில் இறங்கச் சொல்லுங்கள். சங்கத்துக்கு வந்து பழைய மண்ணெண்ணெய்க் கணக்கர் வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். கொப்பியைத் தருகிறேன், கொழும்புக்குக் கொண்டுபோக மட்டும் விடமாட்டேன், இங்கே இருந்தே பார்க்கலாம். றஷ்யன் கிணறு இருந்த பக்கமும் கூட்டிக்கொண்டு போவேன். பனையும் மணலும்தான், நாலைந்து கழுதை நிற்கும், பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. பத்து மணிக்கு முன் வரச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு அந்த மணலில் கால் வைக்க முடியாது.

இங்ஙனம்,
சங்கத்துப் பழைய கணக்கன்,
பேசாலை, மன்னார்.